சுரங்க சர்வேயர் வேலையில் சேரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

குன்றடி:

எல்லோருக்கும் வணக்கம். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு ஒன்றரை ஆண்டுகளாகக் கல்குவாரிகளுக்கு அளவை செய்துகொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். புலப்படத்தை வைத்துக்கொண்டு எல்லைக்கற்களைத் தேடுவது, டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியால் பள்ளத்தை அளப்பது, எத்தனை கனமீட்டர் கல் வெளியே போயிருக்கிறது என்று கணக்குப் போட்டு வரைபடம் தயாரிப்பது, இவைதான் என் வேலை. சம்பளம் பதினாறாயிரம்.

இப்போது ஜார்க்கண்டில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் சர்வே பிரிவில் பயிற்சியாளராகச் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். நண்பர்களோ, டிரோன் வந்துவிட்ட பிறகு சர்வேயருக்கு என்ன எதிர்காலம் என்று கேட்கிறார்கள். நிலத்துக்கு மேலும் கீழும் இந்த வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். "அளவைக் கொஞ்சம் சரிசெய்து எழுது" என்று மேலே இருப்பவர்கள் சொல்வது எல்லா இடத்திலும் நடப்பதுதானா?

வான்கண்:

நான் குவாரிகளில் டிரோன் பறக்கவிட்டு அளவை செய்கிறேன். நண்பர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. நான்கு பேர் மூன்று நாள் பிரிசம் (அளவைக் கருவியின் ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடி) பிடித்து அளந்த பள்ளத்தை நான் நாற்பது நிமிடத்தில் படம் பிடித்துவிடுகிறேன். ஆனால் தரையில் கண்ட்ரோல் பாயிண்ட், அதாவது இடம் துல்லியமாகத் தெரிந்த அடையாளப் புள்ளிகள் வைத்து, அவற்றை டிஜிபிஎஸ் என்ற துல்லியமான ஜிபிஎஸ் கருவியால் சரியாக நிறுவாவிட்டால் என் படங்கள் வெறும் அழகான படங்கள்தான். அந்தப் புள்ளிகளை வைக்கத் தெரிந்தவனுக்கு வேலை போகாது.

சரிசெய்து எழுதச் சொல்வதைப் பற்றிக் கேட்டாய். டிரோன் வந்தபிறகு அது குறைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். லட்சக்கணக்கான புள்ளிகள் கோப்பில் கிடக்கின்றன. சந்தேகம் உள்ளவர் யாரும் அந்தக் கோப்பை வாங்கித் திரும்பக் கணக்குப் போடலாம்.

தூக்குக்குண்டு:

தம்பி, தன்பாத் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் 34 ஆண்டுகள் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அம்மா பயப்படுவதில் தவறில்லை. ஆனால் அவருக்கு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருக்காது. எல்லோரும் கூரை இடிந்து விழுவதைத்தான் நினைப்பார்கள். சர்வேயர் தூக்கத்தில் திடுக்கிட்டு விழிப்பது தண்ணீரை நினைத்து.

1975 டிசம்பர் 27, தன்பாத் பக்கத்துச் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கம். பழைய, கைவிடப்பட்ட பகுதியில் தேங்கியிருந்த தண்ணீர் வேலை நடந்துகொண்டிருந்த சுரங்கத்துக்குள் பாய்ந்து 375 பேர் போனார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. எங்கள் சர்வே அறையில் அந்தப் பெயரை யாரும் உரத்துச் சொல்ல மாட்டார்கள்.

நிலத்தடியில் சர்வேயரின் வேலை என்ன என்று கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: கண்ணுக்குத் தெரியாத பக்கத்து அறை எங்கே இருக்கிறது என்று சொல்வது. நிலக்கரித் தொழில் 1971லிருந்து 1973க்குள் அரசுடைமை ஆவதற்கு முன்னால் தனியார் வெட்டிவிட்டுப் போன பழைய சுரங்கங்கள் அங்கே ஏராளம். அவற்றின் வரைபடங்கள் துணியில் ஒட்டிய காகிதத்தில், அடிக்கணக்கில், மங்கிப்போன மையில் இருக்கும். வரைபடத்தின் மூலையில் கடைசியாக அளந்த தேதி இருக்கும். முதலாளி சுரங்கத்தை மூடிய தேதி அதற்கு ஆறு மாதம் கழித்து என்று வைத்துக்கொள். அந்த ஆறு மாதமும் கரி வெட்டியிருப்பான். அது எந்த வரைபடத்திலும் இருக்காது.

அதனால்தான் பழைய நீர் நிறைந்த பகுதிக்கு 60 மீட்டருக்குள் போனால் தனி அனுமதி வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அனுமதி வாங்கிய பிறகும் வெட்டிக்கொண்டிருக்கும் முகப்புக்கு முன்னால் துளை போட்டுக்கொண்டேதான் போக வேண்டும். நடுவில் ஒன்று, இரு பக்கமும் சாய்வாகச் சில. எப்போதும் குறைந்தது 3 மீட்டராவது துளை முன்னால் இருக்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கேலரி, அதாவது நிலத்தடிச் சுரங்கப்பாதை, பழைய பகுதியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வரைபடப்படி 80 மீட்டருக்கு மேல் தூரம் இருந்தது, அனுமதி தேவையில்லை. ஆனால் அந்தப் பழைய வரைபடத்தில் வடதிசை அம்புக்குறியின் மேல் வேறொரு மையில் இன்னொரு அம்புக்குறி போட்டிருந்தது. காந்த வடக்கா, உண்மை வடக்கா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டுக்கும் உள்ள சிறிய கோணம், நீண்ட கேலரியின் முனையில் எத்தனை மீட்டராக விரியும் என்று போட்டுப் பார்த்தேன். உறக்கம் வரவில்லை.

சட்டம் சர்வேயருக்கு ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறது தம்பி. பக்க எண் இட்டு, தைத்து, தாள் கிழிக்க முடியாதபடி கட்டிய புத்தகம். வரைபடத்தின் துல்லியத்தில் சர்வேயருக்குச் சந்தேகம் இருந்தால் அதை அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மேலாளரும் படித்துக் கையொப்பமிட வேண்டும். எனக்குத் தெரிந்து, தனக்குத் தெரியாததை எழுதிவைப்பதைக் கடமையாக்கிய வேலை வேறெதுவும் இல்லை. நான் எழுதினேன். மேலாளர் அன்று என்னோடு பேசவில்லை. உற்பத்தி இலக்கு அவர் தலைமேல் இருந்தது. ஆனால் கையொப்பம் போட்டுவிட்டார், போட்டபின் துளை போடாமல் இருக்க முடியாது.

பதினொரு நாள் நடுத்துளை காய்ந்தே வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பன்னிரண்டாம் நாள் இடப்பக்கச் சாய்வுத் துளையில் தடியை உருவியதும் கறுப்புத் தண்ணீர் பென்சில் கனத்துக்குச் சீறியது. அழுகிய முட்டை நாற்றம். பல வருடம் தேங்கிக் கிடந்த தண்ணீருக்குத்தான் அந்த நாற்றம் வரும். மர ஆப்பு வைத்து அடைத்துவிட்டு ஆட்களை வெளியேற்றினோம். வரைபடத்தில் அந்த இடத்தில் கரி முழுதாக இருந்தது.

அரியலூர்ச் சுண்ணாம்பு:

ஐயா, படித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி எங்களுக்குத் தேர்வுக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள், இப்படி யாரும் சொல்லவில்லை.

தங்கவயல் பேரன்:

என் தாத்தா கோலார் தங்கவயலில் சர்வே பிரிவில் செயின்மேனாக இருந்தவர். வடஆற்காட்டிலிருந்து போன குடும்பம். பதவி சர்வேயர் இல்லை. சங்கிலி பிடிப்பவர், விளக்குப் பிடிப்பவர். ஆனால் எங்கள் லைன் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கும் மேல் சுடும். அங்கே வடக்கு எது என்று எப்படித் தெரியும்? பாறையில் இரும்பு, தண்டவாளத்தில் இரும்பு. காந்த ஊசியை நம்ப முடியாது. தாத்தா சொன்ன முறை இது. தண்டுக்குழிக்குள், அதாவது சுரங்கத்துக்குச் செங்குத்தாக இறங்கும் குழிக்குள், மேலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளைக் கனமான குண்டு கட்டி இறக்குவார்கள். மேலே அந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான திசையை அளந்துகொள்வார்கள். கீழே அதே இரண்டு கம்பிகளைப் பார்த்து அதே திசையைச் சுரங்கத்துக்குள் எடுத்துப் போவார்கள். இரண்டு கம்பிக்கும் இடையில் சில அடி தூரம்தான். அந்தச் சில அடியிலிருந்து எடுத்த திசையை வைத்துத்தான் பாதாளத்தில் வெகுதூரம் தோண்டிப் போக வேண்டும்.

கம்பி ஆடக் கூடாது. குண்டை எண்ணெய் நிரப்பிய டிரம்முக்குள் மூழ்கவிடுவார்கள், அப்போதும் ஆடும். காற்றோட்டத்தைக் குறைத்து, ஞாயிற்றுக்கிழமையில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு ஓடாத நேரமாகப் பார்த்துச் செய்வார்கள். கம்பிக்குப் பின்னால் ஒரு அளவுகோலை வைத்து, இடது ஓரம் எவ்வளவு, வலது ஓரம் எவ்வளவு என்று ஆட்டத்தின் இரு முனைகளையும் திரும்பத் திரும்ப வாசித்து நடுப்புள்ளியை எடுப்பார்கள். வாசிப்பது துரை, விளக்கைப் பிடிப்பது தாத்தா. தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வாராம்.

அவர் மிகவும் பெருமையாகச் சொல்வது இரண்டு பக்கமிருந்தும் தோண்டி வந்த சுரங்கங்கள் சந்தித்ததைப் பற்றி. கடைசி நாள்களில் பாறையில் காதை வைத்தால் அந்தப் பக்கம் துளையிடும் சத்தம் கேட்குமாம். உடைந்து ஓட்டை விழுந்ததும் முதலில் வந்தது வெளிச்சம் இல்லை, காற்று. அந்தப் பக்கத்தின் சூடான காற்று முகத்தில் அடித்ததாம். இரண்டு தரையும் ஒன்றோடொன்று எவ்வளவு விலகியிருக்கிறது என்று சர்வேயர் மண்டியிட்டுக் கையாலேயே தடவிப் பார்த்தாராம். "நான்கு விரல்" என்று தாத்தா தன் விரல்களைக் காட்டுவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். அந்தத் தண்டுக்குழிகள் எல்லாம் இப்போது தண்ணீருக்குள்.

குன்றடி:

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் படித்தபின் நான் மறைத்த விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், ஆனால் அது எனக்கே நடக்கிறது. ஒரு கல்குவாரி, குத்தகை முடியப்போகிறது. இறுதி அளவை எங்களிடம் வந்திருக்கிறது. அனுமதித்த ஆழம் 22 மீட்டர், அதாவது மேலே 2 மீட்டர் கிராவல், அதற்குக் கீழே ஐந்தைந்து மீட்டராக நான்கு படி. இப்போது பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 9 மீட்டர் கீழே. அடியை யாரும் பார்க்க முடியாது. "அனுமதித்த ஆழத்தையே அடி என்று எழுதிக் கொடுத்துவிடு, 22 மீட்டர்" என்று எங்கள் முதலாளி சொல்கிறார்.

ஆனால் தண்ணீர் நிறைவதற்கு முன்பு, சென்ற கோடையில், வேறொரு வேலையாக அங்கே போனபோது நான் அடியில் நின்று ஒரு புள்ளி எடுத்திருந்தேன். என் குறிப்பேட்டில் இருக்கிறது. அது கிட்டத்தட்ட 26 மீட்டர்.

அடிப்பரப்பு சுமார் 9,000 சதுரமீட்டர். நான்கு மீட்டர் என்றால் 36,000 கனமீட்டர். யூனிட் கணக்கில் (ஒரு யூனிட் நூறு கன அடி) பன்னிரண்டாயிரத்து எழுநூறுக்கு மேல். மூன்று யூனிட் லாரியில் நாலாயிரத்து இருநூறு லோடு. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

டிப்பர் பாலு:

தம்பி, நான் இருபது வருடம் டிப்பர் ஓட்டி, இப்போது இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். உன் கணக்கில் ஒரு திருத்தம். மலையில் இருக்கும் கல் வேறு, வண்டியில் ஏறும் கல் வேறு. வெடி வைத்து உடைத்தால் இடையில் சந்து விழுந்து ஒன்றுக்கு ஒன்றரையாகப் பெருகிவிடும். பள்ளத்தில் 36,000 கனமீட்டர் என்றால் வண்டியில் 54,000. மூன்று யூனிட் வண்டிக்கு ஆறாயிரத்து முந்நூறு லோடுக்கு மேல் வரும்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் குவாரியை நம்பி எத்தனை வண்டி, எத்தனை கிரஷர், எத்தனை குடும்பம் இருக்கிறது என்று நீ பார்த்திருப்பாய். வீடு கட்டாதவர் யார்? ஜல்லி எங்கிருந்து வருகிறது? ஆழம் கூடப் போகாத குவாரியை நான் பார்த்ததில்லை. நீ ஒருவன் 26 என்று எழுதினால் அவர்கள் வேறொருவனை வைத்து 22 என்று எழுதிக்கொள்வார்கள். உன் வேலைதான் போகும். சத்தம் போடாமல் ஜார்க்கண்டுக்குப் போய்விடு. இது உன் நல்லதுக்காகச் சொல்வது.

மேலூர்க்காரன்:

பாலு அண்ணனின் வாதத்தை நாங்கள் எங்கள் ஊரில் பல ஆண்டு கேட்டோம். கிரானைட்டை நம்பி இத்தனை குடும்பம் என்றார்கள். கடைசியில் கண்மாய்க்கு வரும் வாய்க்கால் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்தபிறகுதான் பள்ளம் பள்ளமாக அளந்தார்கள். 2015இல் அறிக்கை கொடுத்தார். நான் அப்போது கல்லூரி மாணவன். அளக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அத்தனை ஆண்டும் அந்தப் பள்ளங்களுக்கு வரைபடம் இருந்திருக்குமே. ஒவ்வொரு வரைபடத்திலும் ஒருவர் கையொப்பம் இருந்திருக்குமே. அவர்களில் ஒருவராவது நீ இன்று உட்கார்ந்து யோசிப்பதுபோல் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டாரா?

அரியலூர்ச் சுண்ணாம்பு:

நான் சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சர்வேயராக இருக்கிறேன். பெண்கள் சுரங்கத்தின் இரவு ஷிஃப்டிலும் நிலத்தடியிலும் வேலை செய்யலாம் என்று 2019இல் அறிவிக்கை வந்தது. அதற்கு முன்பே பகல் வேலைக்குச் சேர்ந்தவள் நான். வெயிலில் பிரிசத்தைப் பார்த்துப் பார்த்து இடக்கண்ணைச் சுருக்கும் பழக்கம் வந்துவிட்டது, கல்யாணப் புகைப்படத்திலும் அப்படித்தான் இருக்கிறேன்.

வான்கண் சொன்னதற்கு ஒரு மறுப்பு. புள்ளிகள் லட்சம் இருந்தாலும் பொய் சொல்ல முடியும். கொள்ளளவு என்பது இரண்டு பரப்புகளுக்கு இடையில் உள்ளது. ஒன்று இன்றைய அடி. இன்னொன்று தோண்டுவதற்கு முன்பு இருந்த தரை. இன்றைய அடியை யார் வேண்டுமானாலும் அளக்கலாம். முன்பு இருந்த தரை இப்போது இல்லை! அதை 2 மீட்டர் தாழ்த்திக் காட்டிவிட்டால் அடியைத் தொடாமலே கொள்ளளவு குறைந்துவிடும். நான் புதிதாக ஒரு பள்ளத்தை அளக்கப் போனால் முதலில் அடிக்கு இறங்க மாட்டேன். பட்டா நிலத்தை ஒட்டி விட்டிருக்கும் 7.5 மீட்டர் பாதுகாப்பு இடைவெளியில் நடப்பேன். அங்கே பழைய தரை அப்படியே இருக்கும். பனைமரம் நிற்கும், வரப்பு இருக்கும். நான்கு பக்கமும் அந்த ஓரத்தை அளந்தால் நடுவில் தரை எப்படி இருந்திருக்கும் என்று பெருமளவு தெரிந்துவிடும்.

அதேபோல் மாதக் கடைசியில் கற்குவியலை அளப்பது. குவியலின் மேற்பரப்பை டிரோன் அழகாக எடுக்கும். குவியலுக்கு அடியில் தரை மேடா பள்ளமா என்று அதற்குத் தெரியாது. குவியல் கொட்டுவதற்கு முன்பு அந்த வெற்றுத் தரையை ஒருமுறை அளந்துவைத்தவர்கள் மட்டுமே சரியான கணக்குச் சொல்ல முடியும். நான் சேர்ந்த புதிதில் எங்கள் குவியலில் புத்தகக் கணக்குக்கும் அளவைக்கும் ஒவ்வொரு மாதமும் வித்தியாசம் வந்துகொண்டே இருந்தது. குவியல் முழுக்கத் தீர்ந்த ஒரு நாளில் ஓடிப்போய்த் தரையை அளந்தேன். நடுவில் ஒரு பழைய குழி இருந்தது.

குன்றடி, டிரோனுக்குத் தண்ணீருக்கு அடியில் கண் இல்லை. உன் குறிப்பேட்டில் உள்ள புள்ளி ஒன்றே ஒன்று. ஒரு புள்ளியை வைத்துச் சண்டை போட முடியாது. "அங்கே மட்டும் குழி, மற்ற இடம் 22தான்" என்று சொல்லிவிடுவார்கள். முதலில் அளந்து பார். அளக்காமல் 22 என்று எழுதுவது எப்படித் தவறோ, அளக்காமல் 26 என்று எழுதுவதும் தவறுதான்.

வான்கண்:

மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். பழைய தரையின் மட்டத்தை மாற்றினால் என் படத்திலும் அது தெரியாது. தண்ணீருக்கு எதிரொலி ஆழமானி வைத்த சிறிய படகு இருக்கிறது, வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் முதலாளி பணம் தர மாட்டார்.

தூக்குக்குண்டு:

படகுக் கருவி இல்லாவிட்டால் கயிறும் குண்டும் போதும். கப்பல்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் அப்படித்தான் கடலை அளந்தார்கள். தனியாகப் போகாதே. குவாரித் தண்ணீர் கிணறுபோல, ஓரம் செங்குத்து. விழுந்தால் ஏறிவரப் பிடிமானம் இருக்காது. நீந்தத் தெரிந்த இருவர் கரையில் கயிற்றோடு நிற்க வேண்டும், நீ மிதவை அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். உரியவரிடம் சொல்லிவிட்டுப் போ.

பாலு அவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தம்பியின் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் கல் திருடுபோனதைவிட வேறொன்று என்னை உறுத்துகிறது. 22 என்று எழுதிய வரைபடம் கோப்புக்குள் போய்விடும். பத்து வருடம் கழித்து அந்தப் பள்ளத்தைக் குடிநீர்த் தேக்கமாக்கலாம் என்று ஒரு பொறியாளர் எடுத்துப் பார்ப்பார். அல்லது பக்கத்து நிலத்தில் இன்னொரு குவாரிக்கு அனுமதி கொடுப்பார்கள், நடுவில் எவ்வளவு சுவர் விட வேண்டும் என்று இந்த ஆழத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அல்லது ஒரு பையன் விழுந்துவிடுவான், தேட வந்த தீயணைப்புத் துறையினர் எவ்வளவு ஆழம் என்று கேட்பார்கள். அப்போது தம்பி எங்கோ இருப்பான், அவன் எழுதிய எண் மட்டும்தான் அங்கே இருக்கும்.

2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் க்யூக்ரீக் என்ற சுரங்கத்தில் இதுதான் நடந்தது. பக்கத்துக் கைவிடப்பட்ட சுரங்கம் இன்னும் தள்ளி இருப்பதாக அவர்கள் கையில் இருந்த வரைபடம் சொன்னது. வெட்டிக்கொண்டே போய் அதற்குள் உடைத்துவிட்டார்கள். ஒன்பது பேர் தண்ணீருக்கு நடுவே 240 அடி ஆழத்தில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பழைய சுரங்கத்தின் கடைசி வரைபடம் அரசுக் கோப்பில் இல்லை. பிறகு ஓர் அருங்காட்சியகத்தில் கிடைத்தது.

அவர்களைக் காப்பாற்றியதிலும் சர்வேயருக்குப் பங்கு உண்டு. இருட்டில், மேய்ச்சல் நிலத்தில், "இங்கே துளை போடுங்கள்" என்று ஜிபிஎஸ் வைத்துப் புள்ளி காட்டினார்கள். ஆறு அங்குலத் துளை 240 அடி இறங்கி அவர்கள் இருந்த இடத்திலேயே போய் விழுந்தது. அதன் வழியாகச் சூடான காற்றை அடித்தார்கள். 77 மணி நேரம் கழித்து ஒன்பது பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். நம் ராணிகஞ்சிலும் 1989 நவம்பரில் மகாவீர் சுரங்கத்தில் ஜஸ்வந்த் சிங் கில் இரும்புக் கூண்டில் இறங்கி 65 பேரை மேலே அனுப்பினார். அவர் இறங்கிய துளையும் ஒரு வரைபடத்தை நம்பிப் போட்டதுதான். அந்த வரைபடம் பத்து மீட்டர் தவறாக இருந்திருந்தால் துளை, கூரையைத் தாங்க விட்டிருக்கும் வெறும் கரித்தூணுக்குள் போயிருக்கும்.

டர்பிஷயர்த் தமிழன்:

இங்கிலாந்தில் இதே துறையில் இருக்கிறேன். இங்கே மினரல்ஸ் சர்வேயர் என்றால் அளப்பது மட்டுமில்லை. நில உரிமையாளருக்காகக் குவாரி நிறுவனத்தோடு ராயல்டி பேசுவது, திட்ட அனுமதி வாங்குவது, தோண்டி முடித்த பள்ளத்தை என்ன செய்வது என்று தீர்மானிப்பது வரை வரும். அதனால் நான் பாதி நாள் பூட்ஸிலும் பாதி நாள் டையிலும் இருக்கிறேன்.

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கைவிடும் நிலக்கரிச் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் கொடுக்க வேண்டும் என்று இங்கே 1872இல் சட்டம் போட்டார்கள். அதற்கு முன்பு மூடியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வரைபடம் கிடையாது. இன்றும் பழைய நிலக்கரிப் பகுதியில் வீடு வாங்குபவர்கள், அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் அறிக்கையை வாங்கிய பிறகுதான் பணம் கட்டுகிறார்கள். 150 வருடத்துக்கு முந்தைய ஒரு சர்வேயர் அளந்து வைத்ததை நான் போன மாதம் பயன்படுத்தினேன். அவர் எழுத்து அவ்வளவு நேர்த்தி.

டிப்பர் பாலு:

ஐயா, தீயணைப்புத் துறை பற்றிச் சொன்னது எனக்குப் பட்டுவிட்டது. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இரண்டு பிள்ளைகள் போனார்கள். மூன்றாம் நாள்தான் கிடைத்தார்கள். ஆழம் யாருக்கும் தெரியவில்லை.

தம்பி, டியூப் வேண்டுமென்றால் என்னிடம் லாரி டியூப் நான்கு இருக்கிறது. பலகை கட்டினால் தெப்பம் ஆகிவிடும். உன் ஊர் பக்கமாக இருந்தால் தனிச்செய்தி அனுப்பு, நானும் வருகிறேன். நீந்துவேன்.

குன்றடி:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அளந்துவிட்டோம். குவாரி மேலாளரிடம் "இறுதி அளவைக்கு ஆழம் பார்க்க வேண்டும்" என்று சொல்லித்தான் உள்ளே போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலு அண்ணன் தெப்பத்தோடு வந்தார். என் தம்பியும் அவன் நண்பனும் கரையில் நின்றார்கள். பள்ளத்தின் இரு ஓரங்களுக்கும் குறுக்கே கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டே தெப்பத்தை நகர்த்தினோம். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளியாக ஐந்து வரிசை. குண்டு அடியில் தட்டுவது கையில் தெரியும் என்று ஐயா சொல்லவில்லை, ஆனால் தெரிகிறது. கல்லில் பட்டால் ஒரு மாதிரி, சேற்றில் பட்டால் ஒரு மாதிரி. சேறாக இருந்த இடத்தைத் தனியாகக் குறித்தேன்.

நாற்பத்தேழு புள்ளிகள். கிழக்கு ஓரத்தில் ஆறு புள்ளிகளில் மட்டும் 22 வந்தது, அங்கே ஒரு படி மிச்சம் இருக்கிறது. மற்றவை 25இலிருந்து 26.5 வரை. மேற்குப் பக்கத்தில் படியே இல்லை, சுவர் நேராக இறங்குகிறது. அந்தப் பக்கம்தான் ஊருக்குப் போகும் பாதை.

அரியலூர் அக்கா சொன்னபடி நான்கு ஓரத்திலும் பழைய தரையையும் அளந்தேன். என்ன அளந்தேனோ அதை அப்படியே வரைபடத்தில் எழுதி, எல்லாப் புள்ளிகளையும் அட்டவணையாக இணைத்து, கையொப்பமிட்டு முதலாளியிடம் கொடுத்தேன். ஒரு வரி சேர்த்தேன்: "சேறு உள்ள 9 இடங்களில் உண்மையான கல்மட்டம் இதைவிடக் கீழே இருக்கலாம்." அந்தப் புத்தகத்தை நினைத்துத்தான் எழுதினேன் ஐயா.

அவர் கோபப்படவில்லை. வெகுநேரம் பார்த்தார். "இதை நான் அனுப்புவேன் என்று எதிர்பார்க்காதே" என்றார். மறுநாள் முதல் எனக்கு வேறு இடத்தில் சாலை அளவை கொடுத்திருக்கிறார். அந்தக் குவாரிக்கு எந்த வரைபடம் போகப்போகிறது என்று எனக்குத் தெரியாது. என் நகல் என்னிடம் இருக்கிறது. கனிமவள அலுவலகத்தில் யாராவது கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டால் நானே போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அம்மாவிடம் ஜார்க்கண்ட் பற்றிப் பேசினேன். தண்டுக்குழி, தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் புத்தகத்தில் எழுத விடுவார்களா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் சேர்கிறேன்.

மேலூர்க்காரன்:

நீயே போ. மேற்குச் சுவர் பாதைப் பக்கம் என்று எழுதியிருக்கிறாய். அதற்காகவாவது போ. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அரியலூர்ச் சுண்ணாம்பு:

நானும் அதையேதான் சொல்வேன். தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வா. சேர்ந்த பிறகு சர்வேயர் தகுதிச் சான்றிதழுக்கு உடனே படிக்கத் தொடங்கு. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சான்றிதழோடு நிறுத்திவிடாதே, நிலத்தடிக்கும் சேர்த்து வாங்கு. என் பழைய குறிப்புகளை அனுப்புகிறேன்.

தூக்குக்குண்டு:

தம்பி, கயிற்றை நனைத்து, குண்டு கட்டித் தொங்கவிட்டு, எஃகு டேப்பில் வைத்துப் பார்த்தாயா? நைலான் கயிறு இழுபடும். முடிச்சை எண்ணி எழுதியிருந்தால் எதிராளி முதலில் அதைத்தான் கேட்பான்.

குன்றடி:

பார்த்தேன் ஐயா, அளப்பதற்கு முன்பும் அளந்தபின்பும். 17 மீட்டர் முடிச்சு 17.08இல் நின்றது. அந்த 8 சென்டிமீட்டரை ஆழத்துக்கேற்பப் பிரித்து ஒவ்வொரு புள்ளியிலும் கூட்டித்தான் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை காலை மேலூர் அண்ணனும் நானும் அலுவலகத்துக்குப் போகிறோம்.